மே மாத ரிசப்ஷன், 350 பேர், மூணு அடுக்கு கேக்: டேஸ்டிங்கில் எதைப் பார்க்கணும்?

கடலோரக்காரி:

தங்கச்சிக்கு மே மூணாவது வாரம் தூத்துக்குடியில கல்யாணம். சாயங்காலம் 4.30க்கு கோயில்ல பூசை, 7 மணிக்கு மண்டபத்துல ரிசப்ஷன். ஹால் ஏசிதான், ஆனா ஆள் வந்து போய்க்கிட்டே இருக்கும், கதவு மூடவே மூடாது. அழைப்பு 350 பேர்.

வர்ற சனிக்கிழமை 11 மணிக்கு பேக்கரியில டேஸ்டிங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆறு ஃப்ளேவர் வைப்பாங்களாம். மாப்பிள்ளை வீட்டுல ஃபாண்டன்ட் (கேக் மேல போர்த்துற சர்க்கரைத் தகடு) போட்ட வெள்ளை கேக் படம் அனுப்பியிருக்காங்க. தங்கச்சிக்கு உள்ளே மாம்பழ ஃப்ரெஷ் கிரீம்தான் வேணுமாம். முட்டை சாப்பிடாதவங்க 40 பேர் தேறும். பேக்கரிக்காரர் "மூணு அடுக்கு, 8 கிலோ, தாராளமா போதும்"னு சொல்றார். தின்னு பார்த்துட்டு "நல்லா இருக்கு"ன்னு சொல்றதைத் தவிர அங்க வேற என்ன பார்க்கணும், என்ன கேட்கணும்?

மாவும்சல்லடையும்:

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. பேக்கரி உங்களுக்கு வைக்கிற துண்டு அன்னைக்குக் காலையில சுட்டது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஏசி அறையில தட்டுல வச்சது. உங்க விருந்தாளி சாப்பிடப் போறது ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி சுட்ட ஸ்பாஞ்ச், வேன்ல வந்து மேடையில ரெண்டு மணி நேரம் நின்னது. ரெண்டும் ஒரே கேக் இல்லை. சனிக்கிழமை கல்யாணம்னா ஸ்பாஞ்ச் புதன் அல்லது வியாழன் சுடுவாங்க, வியாழன் கிரீம் வச்சு அடுக்குவாங்க, வெள்ளிக்கிழமை மேல்பூச்சும் அலங்காரமும். மூணு அடுக்குக்கு இதுதான் சரியான முறை, அதுல தப்பு சொல்ல முடியாது. அதனால டேஸ்டிங்கில முதல் கேள்வி: "இந்த ஸ்பாஞ்ச் எப்போ சுட்டது?"

ஆறு ஃப்ளேவரையும் தின்னாதீங்க. நாலுக்கு மேல நாக்குக்கு எல்லாம் வெறும் இனிப்புதான். முன்கூட்டியே நாலு சொல்லிடுங்க. வெனிலா மாதிரி மெல்லியதுல ஆரம்பிச்சு, பழம், பட்டர்ஸ்காட்ச், கடைசியா சாக்லேட். தலைகீழா போனா சாக்லேட்டுக்கு அப்புறம் வெனிலா சப்புன்னுதான் தெரியும். நடுவுல சாதாரணத் தண்ணி. ஐஸ் தண்ணி வேண்டாம், கிரீமோட கொழுப்பு வாயிலேயே உறைஞ்சு ஒட்டிக்கும். போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குக் காபியும் காரமும் வேண்டாம்.

ஒவ்வொண்ணையும் மூணு வாயா சாப்பிடுங்க: ஸ்பாஞ்ச் மட்டும், கிரீம் மட்டும், பிறகு ரெண்டும் சேர்த்து. சேர்த்தே தின்னா கிரீமோட இனிப்பு ஸ்பாஞ்சோட குறையை மூடிடும். ஸ்பாஞ்சை விரலால அழுத்துங்க. மெதுவா எழும்பி வரணும். அழுத்தின பள்ளம் அப்படியே நின்னா வேகாதது, இல்லைன்னா சர்க்கரைப் பாகு அதிகமா ஊத்தினது. உதிர்ந்து கொட்டினா மூணாம் நாள் மணலா இருக்கும். ஒரே மாதிரி பொடிப் பொடி ஓட்டை, மூக்கைத் துளைக்கிற எசன்ஸ் வாசனைன்னா பெரும்பாலும் ப்ரீமிக்ஸ் (ரெடிமேட் கேக் மாவு), கேக் ஜெல். அது குற்றம் இல்லை, நாள் கடந்தும் மெத்துன்னுதான் இருக்கும். ஆனா வெண்ணெய் கேக் விலைக்கு அதை வாங்காதீங்க.

கிரீம் ஒரு துளி எடுத்து மேல் அண்ணத்துல தேய்ச்சுப் பாருங்க. வெண்ணெய்னா உருகி ஓடிடும். மெழுகு மாதிரி ஒரு படலம் நின்னா வனஸ்பதி வகைக் கொழுப்பு.

கிளம்பும்போது முடிவு பண்ணின ஃப்ளேவர்ல ரெண்டு துண்டு காசு கொடுத்தாவது பார்சல் வாங்குங்க. ஒண்ணை மூடி போட்ட டப்பாவில வச்சு ஃப்ரிட்ஜில ரெண்டு நாள். இன்னொண்ணை மத்தியானம் மின்விசிறி மட்டும் ஓடுற அறையில ஒன்றரை மணி நேரம். கிரீம் சரியுதா, ஸ்பாஞ்சுக்கும் கிரீமுக்கும் நடுவுல தண்ணிக் கோடு தெரியுதா, எண்ணெய் பிரியுதான்னு பாருங்க. ஒரு மணி நேர டேஸ்டிங் சொல்லாததை இந்த ரெண்டு துண்டு சொல்லிடும். வெளியே வச்ச துண்டு கிரீம் கேக்கா இருந்தா பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுடுங்க, பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க.

குளிர்பெட்டி:

மேல சொன்ன வெயில் சோதனைதான் உங்களுக்கு உயிர். மே மாசம் தூத்துக்குடியில சாயங்காலம் ஆனாலும் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது, கடல் காத்துல ஈரம் வேற.

வெண்ணெய் 25 டிகிரி தாண்டினாலே இளகும், 32 முதல் 35க்குள்ள உருகிடும். அதனால அசல் பட்டர்கிரீம்னா (வெண்ணெயும் சர்க்கரையும் அடிச்ச கிரீம்) ஹால் உண்மையிலேயே 24ல இருக்கணும். சில பேக்கரி பாதி வெண்ணெய், பாதி வெஜிடபிள் ஷார்ட்டனிங் போடுவாங்க. சூடு தாங்கும், வாயில கொஞ்சம் மெழுகு தெரியும். கேட்டுட்டு அதையே சாப்பிட்டுப் பாருங்க. டேஸ்டிங்கில சுத்த வெண்ணெய், கல்யாணத்துல கலப்புன்னு ஆகக் கூடாது.

"ஃப்ரெஷ் கிரீம்"னு நம்ம பேக்கரியில விக்கிறதுல பெரும்பங்கு பால் கிரீம் இல்லை. பாம் கெர்னல் எண்ணெயில செஞ்ச விப்பிங் டாப்பிங். பால் கிரீமை விட நல்லா நிக்கும், ஆனா அதுவும் குளிர்ச்சியை நம்பித்தான் நிக்குது. எதுவா இருந்தாலும் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே ரெண்டு மணி நேரம்தான் கணக்கு, இந்த வெயில்ல அதுக்கும் குறைவு.

இப்போ உங்க வீட்டுச் சிக்கல். உள்ளே ஃப்ரெஷ் கிரீம், மேல ஃபாண்டன்ட். கிரீமுக்குக் குளிர் வேணும், ஃபாண்டன்டுக்குக் குளிர் ஆகாது. ஃபாண்டன்ட் முழுக்க சர்க்கரை, ஈரத்தை இழுக்கும். குளிர்ந்த கேக்கை ஈரக் காத்துல கொண்டு வந்து வச்சா மேல முத்து முத்தா வேர்க்கும், பிசுபிசுக்கும், கலர் வழியும், ஒட்டின பூ நழுவும். வேர்த்ததைத் துணியால துடைச்சா தடம் விழும், தொடாம மின்விசிறி காத்துல விடணும். உள்ளே கிரீம் இளகினா ஃபாண்டன்ட் தொப்பை போட்ட மாதிரி பக்கவாட்டுல பிதுங்கும்.

ஃபாண்டன்ட்தான் வேணும்னா அதுக்கு அடியில கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் உருக்கிக் கலந்தது) பூசச் சொல்லுங்க. டார்க் சாக்லேட்னா சாக்லேட் 2 பங்கு, கிரீம் 1 பங்கு. வெள்ளை சாக்லேட்னா 3க்கு 1. மே மாசத்துக்கு சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டுவாங்க. இறுகினதும் ஓடு மாதிரி நிக்கும், ஓரம் கூர்மையா வரும்.

கடலோரக்காரி:

அப்போ மாம்பழத்தை மறந்துடணுமா? மே மாசம் மாம்பழம் இல்லாம எப்படின்னு தங்கச்சி கேட்கிறா. அப்புறம் அந்த 8 கிலோ விஷயம்?

குளிர்பெட்டி:

மாம்பழம் வேண்டாம்னு சொல்லலை, பச்சைத் துண்டு வேண்டாம். வெட்டின பழம் சர்க்கரை பட்டதும் தண்ணி விடும், ரெண்டாம் நாள் அடுக்கு வழுக்கும். கூழை சர்க்கரை, எலுமிச்சைச் சாறோட நல்லாக் கொதிக்க வச்சு, கார்ன்ஃப்ளார் சேர்த்துக் கெட்டியாக்கின ஃபில்லிங் கேளுங்க. இல்லைன்னா வெள்ளை சாக்லேட் கனாஷ்ல கிரீமுக்குப் பதிலா பாதி மாம்பழக் கூழ். கால் அங்குல கனத்துக்கு மேல வேண்டாம். ஓரத்தைச் சுத்தி கெட்டி கனாஷ்ல ஒரு வரப்பு கட்டி அதுக்குள்ள ஃபில்லிங் நிரப்பணும். வரப்பு இல்லைன்னா மேல் அடுக்கு பாரத்துல வெளியே பிதுங்கி வரும்.

அன்னாசி பக்கம் போனா டின் அன்னாசி மட்டும். பச்சை அன்னாசியில இருக்கிற நொதி ஜெலட்டினை உறைய விடாது, பால் கிரீமையும் கசப்பாக்கும். டின்ல சூடுபடுத்தி அடைச்சிருக்கிறதால அந்தப் பிரச்சினை இல்லை.

அரைக்கிலோ:

8 கிலோ கணக்குக்கு நான் வர்றேன். உங்க மூணு அடுக்கு 6, 8, 10 அங்குலம்னு வச்சுக்குவோம்.

4 அங்குல உயர அடுக்கை 1க்கு 2 அங்குலத் துண்டா வெட்டினா, 6 அங்குல வட்டத்துல 12 துண்டு, 8 அங்குலத்துல 24, 10 அங்குலத்துல 38. மூணும் சேர்த்து 74. கீழே 12 அங்குலம் ஒண்ணு கூட்டினா இன்னும் 56, ஆக 130. 350 எங்கே, 74 எங்கே!

இன்னொரு சூட்சுமம் கிலோவுல இருக்கு. 6, 8, 10 மூணையும் போர்த்த ஃபாண்டன்ட் மட்டும் ஏறக்குறைய அரைக் கிலோ, 700 கிராம், ஒரு கிலோ. அந்த 8 கிலோவுல ரெண்டு கிலோவுக்கு மேல சர்க்கரைப் போர்வை. முக்கால்வாசிப் பேர் அதை உரிச்சுத் தட்டு ஓரம் வச்சுடுவாங்க. எடையில ஃபாண்டன்ட் சேர்த்தியா, அடியில இருக்கிற போர்டும் சேர்த்தியான்னு கேட்டு எழுதி வாங்குங்க. ஃபாண்டன்ட் ரேட்டுல எட்டு கிலோ வாங்கி ஆறு கிலோ கேக் சாப்பிடுறதுல அர்த்தம் இல்லை.

என் யோசனை: மேடையில நிக்கிற மூணு அடுக்குல வெட்டுற அடுக்கு மட்டும் அசல் கேக், மத்தது தெர்மாகோல் மேல ஃபாண்டன்ட். சபையில யாருக்கும் தெரியாது. விருந்தாளிக்கு அதே ஃப்ளேவர்ல ஸ்லாப் கேக் (பெரிய செவ்வகத் தட்டுல சுட்டது), ஃபாண்டன்ட் இல்லாம, சமையல்கட்டுப் பக்கம் வெட்டிக் கொடுக்கலாம். 12க்கு 18 அங்குல ஸ்லாப், 2 அங்குல உயரம், 1க்கு 2 அங்குலத் துண்டுன்னா 108 வரும். ஒரு துண்டு 35, 40 கிராம் இருக்கும். மூணு ஸ்லாப்புல 324, அதாவது சுமார் 12 கிலோ. பிரியாணிக்குப் பிறகு எல்லாரும் கேக் கேட்க மாட்டாங்க, போதும். டம்மி அடுக்குக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு கூலி போடுவாங்களே தவிர கிலோ ரேட் போடக் கூடாது. அதை மட்டும் பேசி முடிச்சுடுங்க.

முட்டையில்லாத 40 பேருக்கு அந்த மூணுல ஒண்ணை முழுசா எக்லெஸ் ஆக்கிடுங்க. 108 துண்டு அதிகம்னு நினைக்காதீங்க, மத்தவங்களும் எடுப்பாங்க. அதுக்குத் தனிக் கத்தி, தனி மேசை, மேல எழுதின சீட்டு. டேஸ்டிங்கிலேயே எக்லெஸ் துண்டைத் தனியாக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. கண்டென்ஸ்டு மில்க், தயிர் போட்டுச் செய்யிற ஸ்பாஞ்ச் கொஞ்சம் கனம், சீக்கிரம் உலரும், முட்டை ஸ்பாஞ்ச் ருசியை வச்சு அதைக் கணிக்க முடியாது. ஒரே ட்ரே, மாவு அடிக்கிற பீட்டரும் ஒண்ணேதானான்னும் கேளுங்க. எக்லெஸ்னு போட்டிருந்தாலும் மிரர் கிளேஸ் (கண்ணாடி மாதிரி மின்னுற மேல்பூச்சு), மார்ஷ்மெல்லோ, சில ஃபாண்டன்ட்ல ஜெலட்டின் இருக்கும், அது சைவம் இல்லை. பாக்கெட்டுல பச்சைப் புள்ளி (சைவம்) இருக்கா, பழுப்பு முக்கோணமா (அசைவம்)ன்னு காட்டச் சொல்லுங்க. காட்டத் தயங்குற கடையில எக்லெஸ் எடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தை:

எங்கட பக்கம் இந்தப் பிரச்சினைய வேற விதமாத்தான் தீர்க்கிறது. இலங்கையில கலியாண வீட்டில மேசையில நிக்கிற கேக் அநேகமா டம்மி ஸ்ட்ரக்சர்தான். வாறவைக்கு ரிச் கேக் துண்டைச் சின்னப் பெட்டியில போட்டுக் கையில குடுப்பினம். குளிர்பெட்டி தேவையில்லை, சூட்டுக்கு இளகாது, கிழமைக்கணக்கில (வாரக்கணக்கில) வைச்சாலும் பழுதாகாது. உங்கட மே மாதத்துக்கு இது நல்லாப் பொருந்தும்.

ரிச் கேக் மாவில செய்யிறேல்லை, வறுத்த ரவையில. பட்டர், சீனி, முட்டை மஞ்சள் கரு கூட, வெள்ளைக்கரு குறைய. கஜு (முந்திரி), பிளம்ஸ், சுல்தானா, செர்ரி, இஞ்சித் தோசி (சீனிப் பாகில ஊறினது), நீத்துப் பூசணியில செய்யிற தோசி, சௌசௌ எல்லாம் பொடியா வெட்டி, பிராண்டியும் தேனும் விட்டு ஊற வைக்கிறது. ஏலம், கறுவா (பட்டை), கராம்பு, சாதிக்காய், ரோஸ் எசன்ஸ். தட்டில கடதாசி கனக்க அடுக்குப் போட்டு, 150 டிகிரி மட்டில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல மெல்லிய சூட்டில வேக விடுறது. சூடு கூடினா அடி கருகிக் கைச்சுப் போகும்.

ருசி பார்க்கேக்க இதுகளைக் கவனியுங்கோ. ரவை பல்லில நறநறக்கக் கூடாது, பட்டரில ஊறி இருக்க வேணும். பழம் பெரிசா வெட்டியிருந்தா துண்டு போடேக்க உடைஞ்சு போகும். பிராண்டி மணம் மூக்கில குத்தினா கேக் இன்னும் ஆறேல்லை எண்டு அர்த்தம், ஒரு கிழமையாவது வைச்சுத்தான் வெட்ட வேணும். விரலில எண்ணெய் வழிஞ்சா பட்டர் பிரிஞ்சிட்டுது. மேல கஜு அல்லது ஆமண்ட் பேஸ்ட் படை இருந்தா அது காயாமல் மெத்தெண்டு இருக்க வேணும்.

பெட்டியில "முட்டை, கஜு, மதுசாரம் (ஆல்கஹால்) உண்டு" எண்டு கட்டாயம் அச்சடியுங்கோ.

மாவும்சல்லடையும்:

வெள்ளவத்தை சொன்னது அருமையான வழி. ஒரே கவலை, நம்ம ஊர்ல ரிச் கேக்னு கேட்டா கிறிஸ்துமஸ் ப்ளம் கேக்கைத்தான் எடுத்து நீட்டுவாங்க. அது மைதா, கேரமல் பாகு, வேற சங்கதி. அதுவும் மோசமில்லை, அதுவும் நாள் தாங்கும்.

தூத்துக்குடின்னதும் மக்ரூன் கோபுரம் யோசனையை யாராவது கொண்டு வருவாங்க. அழகுதான். ஆனா அது முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. கடல் காத்துல மூடாம வச்சா சீக்கிரமே நமத்துப் பசை மாதிரி ஆகிடும். பாக்கெட் போட்டுக் கையில கொடுங்க, அடுக்கி வைக்காதீங்க.

அலங்காரத்தைப் பத்தி யாரும் பேசலை. அடர் சிவப்பு, கறுப்பு கிரீம் கேட்டா கலர் அதிகமாப் போடணும், கசக்கும், பல்லும் உதடும் கறை படியும், ஃபோட்டோல அப்படியே விழும். தங்கப் பொடியில "நான் டாக்ஸிக்"னு போட்டிருந்தா அது தின்கிற பொருள் இல்லை, விஷமில்லைன்னு மட்டும்தான் அர்த்தம். உண்ணத்தக்கதுன்னு தனியா எழுதியிருக்கணும். நிஜப் பூ வைக்கிறதா இருந்தா அரளியும் செங்காந்தளும் கிட்டவே வரக் கூடாது, ரெண்டும் விஷம். ரோஜாவுல பூச்சிமருந்து இருக்கும். காம்பைக் கேக்ல நேராக் குத்தாம, டேப் சுத்தி ஸ்ட்ராவுக்குள்ள செருகச் சொல்லுங்க.

அரைக்கிலோ:

ஆர்டர் சீட்டுல இருக்க வேண்டியது: தேதி, மண்டபம், டெலிவரி மணி, ஒவ்வொரு அடுக்கோட அளவும் உயரமும், எது அசல் எது டம்மி, ஸ்பாஞ்ச், ஃபில்லிங், மேல்பூச்சு தனித்தனியா, எக்லெஸ் எத்தனை கிலோ, ஜிஎஸ்டி சேர்த்தா இல்லையா, ஸ்டாண்டுக்கு டெபாசிட், கடைசி எண்ணிக்கை எந்தத் தேதிக்குள்ள மாத்தலாம். "மாம்பழ கேக்"னு மட்டும் எழுதினா எசன்ஸ் கேக்கும் மாம்பழ கேக்தான். ரசீதுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் இருக்கான்னு பாருங்க. அட்வான்ஸ் பாதிக்கு மேல வேண்டாம், மீதி மேடையில நின்ன பிறகு.

அடுக்குறதை யார் செய்வாங்கன்னும் கேளுங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில தனி போர்டு, அதைத் தாங்க கீழ் அடுக்குல டோவெல் குச்சி (முட்டுக் கொடுக்கிற உருண்டைக் குச்சி) அல்லது தடிமனான ஸ்ட்ரா நாலஞ்சு, எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டியிருக்கணும். ஒண்ணு அரை சென்டிமீட்டர் குட்டையா இருந்தாலும் மேல் அடுக்கு சாயும். தனித்தனிப் பெட்டியில கொண்டு வந்து மண்டபத்துல அடுக்குறதுதான் பாதுகாப்பு. கார் சீட்டு சரிவா இருக்கும், அதுல வைக்கக் கூடாது. ஏசி போட்டு, தட்டையான தரையில, அடியில வழுக்காத விரிப்பு போட்டு வைக்கணும்.

குளிர்பெட்டி:

கூடவே, டெலிவரி 5.30க்கு முன்னாடி வேண்டாம். ஹால் ஏசியை 5 மணிக்கே போட மண்டபத்துல சொல்லி வைங்க. வீடியோகாரர் வைக்கிற ஃபோகஸ் லைட் கேக்கைப் பார்த்து நிக்கக் கூடாது, ஹாலஜன்னா பக்கத்துல கை வச்சாலே சுடும். மேசை சாயாம இருக்கணும். குளிரூட்டின பெட்டியிலிருந்து வர்ற கேக்னா பெட்டியோடவே முக்கால் மணி நேரம் ஹால்ல விட்டுட்டு அப்புறம் திறங்க. வேர்வை பெட்டி மேல படியும், கேக் மேல இல்லை.

கடலோரக்காரி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்படி முடிவு: மூணு அடுக்குல மேல் அடுக்கு மட்டும் அசல், கனாஷ் மேல ஃபாண்டன்ட், உள்ளே வேகவச்ச மாம்பழ ஃபில்லிங். கீழ் ரெண்டும் தெர்மாகோல். ஸ்லாப் மூணு, அதுல ஒண்ணு எக்லெஸ். சனிக்கிழமை நாலு ஃப்ளேவர் மட்டும், ரெண்டு பார்சல். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டிமாருக்குத் தனியா கேக் பெட்டி கொடுக்கலாமான்னு அம்மா யோசிக்கிறாங்க. ஒரே சந்தேகம், மேல் அடுக்கு 6 அங்குலம்தானே? பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் கத்தி பிடிச்சு வெட்ட, அவ்வளவு உயரத்துல எட்டுமா?

அரைக்கிலோ:

நல்ல கேள்வி, பல பேர் மேடையிலதான் யோசிப்பாங்க. மேசை இரண்டரை அடி, ஸ்டாண்டு, மூணு அடுக்கு எல்லாம் சேர்ந்தா மேல் அடுக்கு நெஞ்சுக்கு வந்துடும், ஃபோட்டோல முகத்தையும் மறைக்கும். அதனால அசல் கேக்கைக் கீழ் அடுக்குல வச்சுக்கோங்க. மேல ரெண்டும் தெர்மாகோல்னா எடையும் குறைவு, கீழே நசுங்காது. விலை ஏறுதுன்னா கீழ் அடுக்கும் டம்மியா இருந்து, முன்பக்கம் ஒரு ஆப்பு அளவு வெட்டி எடுத்து அந்த இடத்துல மட்டும் அசல் கேக் வைப்பாங்க. அப்படின்னா எந்த இடத்துல கத்தி இறங்கணும்னு ஒரு பூவோ ரிப்பனோ வச்சு அடையாளம் போடச் சொல்லுங்க, தெர்மாகோல்ல கத்தி கிரீச்சிட்டா மைக்ல கேட்கும்.

கீழ் அடுக்கு முழுசும் அசல்னா இன்னொண்ணு. அதுல எத்தனை ஸ்ட்ரா, குச்சி செருகியிருக்காங்கன்னு எண்ணிக்கையைப் பெட்டி மேலேயே எழுதி வாங்கி, வெட்டுற ஆளை அத்தனையும் உருவி எடுத்த பிறகு துண்டு போடச் சொல்லுங்க.